ஆஸ்பத்திரி கட்டினா நல்லதுதானே? பெங்களூர்ல ஒரு பார்க் சைட்டுக்காக நடந்த 15 வருஷ இழுபறி

எங்க மனைப்பிரிவோட பிளான் ஜெராக்ஸ் ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஒரிஜினல்ல பார்க் இடத்தை பச்சை ஸ்கெட்ச்ல அடிச்சிருந்தாங்களாம், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அந்த பச்சை சாம்பலாகி இப்ப வெறும் வெள்ளையா இருக்கு, நடுவுல 'பூங்கா'ன்னு பொடி எழுத்துல போட்டதுல 'பூ' மட்டும் பாதி தெரியுது. புதுசா பாக்கறவனுக்கு அது விக்காம மிச்சமிருக்கற பெரிய கார்னர் பிளாட் மாதிரிதான் தெரியும். நேர்ல போனாலும் அதே நிலைமைதான், சீமைக்கருவேலம், உடைஞ்ச டைல்ஸ் மூட்டை, யாரோ கட்டின ரெண்டு ஆடு.

போன மாசம் சங்கத்து மீட்டிங்ல இந்த இடத்துல ஒரு ஹால் கட்டலாம்னு பேச்சு வந்துச்சு. சொன்னவர் தப்பான ஆள் கிடையாது, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கைக்காசு போட்டு தெருவிளக்கு மாத்தினவர். "தம்பி, பாம்பு வர்ற இடம் அது. ஒரு ஹால் கட்டினா காதுகுத்து, வளைகாப்புன்னு நாலு பேருக்கு உதவும். இதுல என்ன தப்பு சொல்லுங்க"ன்னார். எனக்கு அன்னிக்கு பதில் வரல. தப்புன்னு தோணுது ஆனா ஏன்னு சொல்ல தெரியல, அப்படி ஒரு முழி முழிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். அப்புறம் தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இந்த பெங்களூர் வழக்கு. அங்கேயும் கேள்வி இதே கேள்விதான், ஹாலுக்கு பதிலா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

நடந்தது என்ன

பெங்களூர்ல ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷன்னு ஒரு ஏரியா, சதாசிவ நகர் பக்கம். 1945ம் வருஷத்து பெங்களூர் நகர மேம்பாட்டு சட்டத்துக்கு கீழ அப்போ இருந்த சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போர்டு ஸ்கீம் போட்டு, அரசு அனுமதி வாங்கி, ரோடு மனை எல்லாம் பிரிச்ச இடம். அந்த ஸ்கீம் பிளான்ல ஒரு இடத்தை பார்க்குக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. பிளான்ல பார்க், விளையாட்டு மைதானம்னு விட்டதுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்னு வழக்குல சொல்லப்பட்டுச்சு. இது முக்கியம், ஏன்னா நாலு பார்க்குல ஒண்ணை எடுத்தாங்கங்கற கதை இல்ல இது.

அப்புறம் பழைய போர்டு போய், 1976ம் வருஷத்து சட்டப்படி பெங்களூர் டெவலப்மென்ட் அத்தாரிட்டி, அதான் பிடிஏ, வந்துச்சு. ஒரு தனியார் மெடிக்கல் டிரஸ்ட் ஆஸ்பத்திரி கட்ட இந்த இடம் வேணும்னு முதலமைச்சர் மட்டத்துலயே போய் கேட்டாங்க. 1976 மே மாசம் அரசு உத்தரவு வந்துருச்சு, ஜூலை மாசம் பிடிஏ தீர்மானம் போட்டு இடத்தை டிரஸ்டுக்கு ஒதுக்கிருச்சு. ரெண்டே மாசம். நம்ம வீட்டுக்கு குடிநீர் கனெக்ஷன் பேர் மாத்த எவ்வளவு நாள் ஆகுதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சு பாத்துட்டு மேல படிங்க.

ஏரியாக்காரங்க ஹைகோர்ட்டுக்கு போனாங்க. தனி நீதிபதி முன்னாடி தோத்துட்டாங்க. ஆஸ்பத்திரியும் ஒரு பொது வசதிதான், அதனால ஒதுக்கீடு செல்லும்னு அவர் முடிச்சுட்டார். எங்க ஹெட்மாஸ்டர் சார் சொன்ன வாதமேதான் அது, கொஞ்சம் சட்ட பாஷையில. அப்பீல்ல டிவிஷன் பெஞ்ச், அதான் அதே ஹைகோர்ட்டுல ஒண்ணுக்கு மேல நீதிபதிங்க உக்கார்ற அமர்வு, இதை திருப்பிப் போட்டுச்சு. ஆஸ்பத்திரி பொது வசதின்னே வச்சுக்குவோம், ஆனா அனுமதிச்ச ஸ்கீம்ல பார்க்குன்னு இருக்கற இடத்தை வேற எதுக்கும் திருப்ப முடியாதுன்னு சொல்லி ஒதுக்கீட்டை ரத்து பண்ணிட்டாங்க. டிரஸ்டுக்கு வேணும்னா சட்டப்படி வேற இடம் கொடுத்துக்கலாம், அதுக்கு தடையில்லன்னும் சொன்னாங்க. ஆஸ்பத்திரியே வேணாம்னு யாரும் சொல்லல பாருங்க, இங்க வேணாம்னுதான் சொன்னாங்க. டிரஸ்ட் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. 1991 ஜூலை 19ம் தேதி தீர்ப்பு, டிரஸ்டோட அப்பீல் தள்ளுபடி. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பான்னு இன்னிக்கும் பார்க் கேஸ்னா வக்கீல்கள் முதல்ல எடுக்கற தீர்ப்பு இதுதான். தீர்மானம் போட்ட ஜூலையில இருந்து எண்ணினா சரியா 15 வருஷம்.

கோர்ட்டுல என்னென்ன சொல்லிப் பாத்தாங்க

முதல் வாதம், இந்த ஏரியாக்காரங்க யாரு கேக்கறதுக்கு? இவங்க சொந்த நிலம் எதுவும் போகல, இவங்களுக்கு தனிப்பட்ட நஷ்டம் இல்ல, அப்புறம் எதுக்கு வழக்குன்னாங்க. கோர்ட் இதை ஏத்துக்கல. பார்க் இருக்குங்கறதை வச்சுதான் அங்க குடியிருக்கறாங்க, அந்த காத்தும் வெளிச்சமும் போனா பாதிக்கப்படறது அவங்கதான், அவங்க கேக்காம வேற யாரு கேப்பாங்கன்னு கதவை திறந்து விட்டுருச்சு. இது இல்லன்னா மிச்சம் எதுவுமே நடந்திருக்காது. ஒவ்வொரு மனைப்பிரிவுலயும் "உன் பேர்ல பட்டா இருக்கா, நீ யாரு கேக்க"ன்னு வர்ற கேள்விக்கு பதில் இதுல இருக்கு.

ரெண்டாவது வாதம்தான் கனமானது. பிடிஏவுக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் இருக்கு, சட்டத்துல 65வது பிரிவு அதைத்தான் சொல்லுது, அரசு சொல்லுச்சு, பிடிஏ செஞ்சுச்சு, இதுல என்ன குத்தம்னு. கோர்ட் அந்த பிரிவை உக்காந்து படிச்சு ஒரு விஷயம் சொல்லுச்சு. சட்டத்தோட நோக்கத்தை நிறைவேத்தறதுக்கு உத்தரவு போடலாம், நோக்கத்தையே கவுக்கறதுக்கு போட முடியாது. ஸ்கீம்னு ஒண்ணு அனுமதியாகி வெளியாயிட்டா அது அதிகாரி மேஜையில இருக்கற டிராஃப்ட் கிடையாது, சட்ட பலம் வந்துரும். அதை மாத்தணும்னா மாத்தறதுக்குன்னு சட்டத்துலயே வழி இருக்கு, அந்த வழியில போகணும். மேல இருந்து ஒரு கடிதாசி வந்துச்சுன்னு பிடிஏ சொந்தமா யோசிக்காம தலையாட்டினது செல்லாது.

அடுத்தது அந்த 'நல்லதுதானே' வாதம். இதுக்கு நீதிபதி ஆர்.எம். சகாய் எழுதினதை நான் மூணு தடவை படிச்சேன். ஒரு காலத்துல பூங்காங்கறது ராஜாவுக்கும் பணக்காரனுக்கும் மட்டும் இருந்த விஷயம், சுத்தமான காத்து வாங்கறதே சிலபேரோட சொத்தா இருந்துச்சு, 19, 20ம் நூற்றாண்டுலதான் சாதாரண ஜனத்துக்குன்னு பொதுப்பூங்கா வந்துச்சு, அது மக்கள் தங்களுக்கே கொடுத்துக்கிட்ட பரிசுங்கற அர்த்தத்துல எழுதறார். அப்புறம் ஒரு குத்து. பார்க் இல்லாம நெருக்கடியில வாழ்ந்தா உடம்பு கெடும், கெட்ட உடம்பை நர்சிங் ஹோம் பாத்துக்கும்தான், ஆனா வந்தபின் வைத்தியம் பாக்கறதை விட வராம தடுக்கறது மேல்னு எல்லாருக்கும் தெரியுமேங்கறார். ஆஸ்பத்திரியா பார்க்கான்னு கேட்டவங்களுக்கு, பார்க்கும் ஆஸ்பத்திரி வேலைதான் பாக்குதுன்னு பதில்.

இன்னொண்ணும் பிரிச்சு காட்டினாங்க. தனியார் நர்சிங் ஹோம்னா உள்ள போக காசு வேணும். பார்க்குக்குள்ள போக செருப்பு கூட வேணாம். ரெண்டையும் 'பொது வசதி'ன்னு ஒரே தட்டுல வைக்க முடியுமா?

வழக்கு நடந்துட்டு இருக்கும்போதே, 1984ல, கர்நாடகா பிடிஏ சட்டத்தை திருத்திருச்சு. பார்க், மைதானம், பொது வசதிக்குன்னு ஒதுக்கின இடத்தை வேற காரியத்துக்கு பிடிஏ விக்கவோ கொடுக்கவோ கூடாது, கொடுத்தா செல்லாதுன்னு 38ஏன்னு புது பிரிவு. கூடவே புது ஸ்கீம் போட்டா மொத்த பரப்புல குறைஞ்சது 15 சதவீதம் பார்க்குக்கும் மைதானத்துக்கும், அதுக்கு மேல தனியா குறைஞ்சது 10 சதவீதம் பொது வசதிக்கும் விடணும்னு கணக்கு. இந்த தனித்தனி கணக்குதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஹால்னு வர்ற நல்ல காரியத்துக்கெல்லாம் முன்கூட்டியே 10 சதவீதம் ஒதுக்கி வச்சுட்டா, பார்க் மேல யாரும் கண் வைக்க காரணமே இருக்காதுல்ல.

சரி, நம்ம ஊர்ல விதி என்ன

தமிழ்நாட்டுல இதுக்கு பேர் ஓஎஸ்ஆர், திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல இருக்கு, அதுக்கு முன்னாடி சிஎம்டிஏ, அதான் சென்னை பெருநகர் வளர்ச்சிக் குழும விதிகள்லயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. 3,000 சதுர மீட்டர் வரைக்கும் ஒண்ணும் விட வேண்டாம். 3,000ல இருந்து 10,000 வரை இருந்தா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் விடணும், இல்லன்னா பதிவுத்துறை மதிப்புல அதுக்கு உண்டான பணத்தை கட்டிட்டு போயிரலாம். 10,000க்கு மேல போனா பணம் பேச்சே கிடையாது, இடமாத்தான் விடணும், அதை உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் போட்டு ரிஜிஸ்டர் பண்ணி இலவசமா கொடுக்கணும்.

சதுர மீட்டர்னா நமக்கு மண்டையில ஏறாது. 3,000ங்கறது சுமார் 74 சென்ட், 10,000ங்கறது ரெண்டரை ஏக்கருக்கு ஒரு துளி கம்மி. ஒரு அஞ்சு ஏக்கர் லேஅவுட் எடுத்துக்கங்க, 20,235 சதுர மீட்டர். அதுல ரோட்டுக்கு 30 சதவீதம் போகுதுன்னு வச்சா மிச்சம் 14,165 சொச்சம். அதுல 10 சதவீதம்னா 1,416, அதாவது 35 சென்ட், ஆறு கிரவுண்டுக்கு கொஞ்சம் மேல. இதே அஞ்சு ஏக்கருக்கு அந்த 1984 பெங்களூர் கணக்குப்படி பார்க்குக்கு மட்டும் 75 சென்ட் வரும், ஏன்னா அங்க ரோட்டை கழிக்காம மொத்தத்துல கணக்கு போடறாங்க, சதவீதமும் கூட. நம்மளோடது பாதிக்கும் கம்மி. அந்த பாதியைத்தான் நாம காப்பாத்த முடியாம முழிக்கறோம்.

நடு ஸ்லாபுல பணம் கட்டிட்டு போகலாம்னு விட்டிருக்கறது எனக்கு உடன்பாடில்ல. பணம் வேற எங்கயோ போகுது, இந்த ஸ்லாபுல வர்ற ஒரு ரெண்டு ஏக்கர் லேஅவுட்ல வீடு கட்டற 30, 40 குடும்பத்து பசங்க ரோட்டுலதான் கிரிக்கெட் ஆடணும். ரெண்டு ஏக்கர்ல 10 சதவீதம்னா ரோடு போக ஒரு 14 சென்ட், அதுல ஊஞ்சலும் ரெண்டு வேப்பமரமும் தாராளமா வைக்கலாம். விதியே கூட குறைஞ்சது 100 சதுர மீட்டர், ஒரு பக்கம் 10 மீட்டருக்கு குறையக்கூடாதுன்னுதான் கேக்குது.

இனி தானப்பத்திரம் விஷயம். 'தானம்'னா மனசு வந்து கொடுக்கறது, கட்டாயப்படுத்தி வாங்கினா அது எப்படி தானம்னு ஒரு கேள்வி ரொம்ப நாளா இருந்துச்சு. டெல்லியில பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, சட்டத்துல இடமில்லாம மாநகராட்சி சும்மா ஒரு நிபந்தனை போட்டு பார்க் நிலத்தை இலவசமா எழுதி வாங்க முடியாது, ஆனா அதுக்காக காலனி போட்டவர் அதை தன் இஷ்டத்துக்கு ஆளவும் முடியாது, பேருக்கு ஓனரா இருந்தாலும் குடியிருக்கறவங்களுக்காக காவல் காக்கற டிரஸ்டி மாதிரிதான். இங்க தமிழ்நாட்டுல விதியிலேயே தெளிவா எழுதியிருக்கு. அதையும் அபார்ட்மென்ட்காரங்க எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனாங்க, 2023 பிப்ரவரியில வசந்த் அபார்ட்மென்ட்ஸ் வழக்குல 10 சதவீதம் கொடுக்கற விதி செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு.

இதுல நிறைய பேருக்கு புரியாத ஒண்ணு, தானமா கொடுத்தாச்சுன்னா அது உள்ளாட்சி சொத்து. மனை வாங்கின நம்மளோட தனி பார்க் கிடையாது. கேட் போட்டு, வாட்ச்மேன் வச்சு, 'உறுப்பினர்களுக்கு மட்டும்'னு போர்டு மாட்டறது செல்லாது. பக்கத்து தெரு பையன் வந்து ஊஞ்சல் ஆடினா வாயை மூடிட்டுத்தான் இருக்கணும். ஆக்கிரமிப்பு பண்றவன் மேல கோவப்படற சங்கங்களே பல இடத்துல இதை பண்ணுது, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஓட்டை எங்க விழுது

பெங்களூர்ல மேல இருந்து உத்தரவு வந்து பார்க் போகப் பாத்துச்சு. நம்ம பக்கம் பெரும்பாலும் கீழ இருந்துதான் போகும், சத்தமில்லாம. பத்திரம் ரிஜிஸ்டர் ஆகும், லேஅவுட்டுக்கு அப்ரூவல் வரும், ஆனா பட்டா புரமோட்டர் பேர்லயே நின்னுரும். பஞ்சாயத்துல யாரும் போய் வேலி போட மாட்டாங்க, போர்டு வைக்க மாட்டாங்க. 20 வருஷம் கழிச்சு அவர் வாரிசு ரெவின்யூ ரெக்கார்டை பாத்தா அப்பா பேர்ல 35 சென்ட் சும்மா கிடக்கு. அவங்க கெட்டவங்களா இருக்கணும்னு கூட அவசியமில்ல, பேப்பர் அப்படித்தான் பேசுது. வாங்க வர்றவன் கையில எங்க வீட்டு ஜெராக்ஸ் மாதிரி ஒண்ணு இருக்கும், பச்சை போன ஜெராக்ஸ்.

அதனால பாக்க வேண்டியது மனை பத்திரம் மட்டும் இல்ல. அப்ரூவல் நம்பர் போட்ட ஒரிஜினல் பிளானோட நகலை சிஎம்டிஏவுலயோ, டிடிசிபியிலயோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கேட்டு வாங்கணும், அதுல பார்க் எந்த சர்வே நம்பர்ல வருதுன்னு பாத்து அந்த நம்பருக்கே ஒரு ஈசி, அதான் வில்லங்க சான்று, போடணும். நாம எல்லாரும் நம்ம பிளாட்டுக்கு ஈசி போடுவோம், பார்க்குக்கு யாரு போடறா? தானப்பத்திரம் ரிஜிஸ்டர் ஆகியிருந்தா அதுல வரும், நம்பரோட. அடுத்து பட்டா யார் பேர்லன்னு பாக்கணும். உள்ளாட்சி பேர்ல இல்லன்னா மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். 1959ல போட்ட பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி பாதுகாப்பு சட்டம்னு தமிழ்நாட்டுல ஒண்ணு இருக்கு, பூங்காக்களை பட்டியல் போட்டு வைக்கணும்னு உள்ளாட்சிக்கு சொல்ற சட்டம், மனுவுல அதையும் சேத்துக்கங்க. புது லேஅவுட்னா ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம், இருக்கு, பார்க்கும் விளையாடற இடமும் பொதுப்பகுதின்னு அதுலயே எழுதியிருக்கு, மூணுல ரெண்டு பங்கு மனைக்காரங்க எழுத்துல சம்மதிக்காம புரமோட்டர் லேஅவுட் பிளானை மாத்த முடியாது.

கோர்ட்டுக்கு போனா ஜெயிக்கலாம்னு இந்த வழக்கை படிச்சுட்டு யாரும் துள்ள வேண்டாம். முத்தப்பா வழக்குல ஒதுக்கீட்டுல இருந்து கடைசி தீர்ப்பு வர 15 வருஷம் ஆச்சு, 1976ல அஞ்சு வயசு பசங்களுக்கு 1991ல 20 வயசு, அவங்க சறுக்குமரம் ஆடற வயசு அந்த இழுபறியிலேயே முடிஞ்சு போச்சு. அப்புறம் லக்னோவுல ஜண்டேவாலா பார்க் இருக்கு, அங்க பூமிக்கு அடியில மார்க்கெட்டே கட்டிட்டாங்க, 1999ல சுப்ரீம் கோர்ட் இடிச்சுட்டு பழையபடி பார்க் ஆக்குன்னு சொல்லுச்சு. கட்டினப்புறம் இடிக்கறதுக்கு ஆகற செலவுல எத்தனை வேலி போட்டிருக்கலாம்.

எங்க கதைக்கு வர்றேன். ஹெட்மாஸ்டர் சாரை டீக்கடையில பாத்து இந்த பெங்களூர் விஷயத்தை சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப பாம்புக்குத்தான் அந்த இடமா?"ன்னார். சரியான கேள்வி. சும்மா கிடக்கற பார்க்கை எந்த தீர்ப்பும் ரொம்ப நாள் காப்பாத்தாது, அதுல யாராவது தினமும் நடந்தாத்தான் அது பார்க். அடுத்த ஞாயித்துக்கிழமை ஜேசிபி ஒண்ணை மணிக்கு இவ்வளவுன்னு வாடகை பேசி கருவேலத்தை எடுத்தோம், பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்துட்டுதான். சார் குடை பிடிச்சுட்டு ஓரமா நின்னு எங்க எங்க கல் ஊனணும்னு காட்டினார். ஈசிக்கு அப்ளை பண்ணியிருக்கேன், 1990ல இருந்து கேட்டிருக்கேன், இன்னும் வரல. ஆடு ரெண்டும் அங்கதான் இருக்கு.